எடுத்துகினு போனியே, இன்னா வந்துச்சு?

ஒரே வீட்டு வாசலில் மூன்று முறை, மூன்று வேறு அடையாள அட்டைகளோடு போய் நின்றவன் நான். முதல் அட்டையில் இயற்பியல் என்று போட்டிருந்தது. இரண்டாவதில் உயிரியல். மூன்றாவதில் மனநலம். நான் படித்தது என்னவோ எம்.எஸ்சி. இயற்பியல்தான். ஆனால் ஆராய்ச்சித் திட்டங்களில் ஒப்பந்தத்துக்கு வேலை பார்க்கிறவனுக்குத் துறையாவது கிறையாவது! ஒரு திட்டம் முடிந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பேராசிரியர் போன் செய்கிறாரோ, அவருடைய துறைதான் எனக்கும் துறை.

ஏன் அதே வீடு என்று கேட்பீர்கள். தெருமுனையிலிருந்து எண்ணி ஒவ்வொரு ஐந்தாவது வீட்டுக்கும் போ என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை. மண்ணை ஆராய்கிறவனும் மனசை ஆராய்கிறவனும் அதே பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, அதே பக்கமிருந்து எண்ணினால், அதே அக்காதான் கதவைத் திறப்பார். மூன்றாவது முறை என்னைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏம்ப்பா, படிச்சவங்களுக்கெல்லாம் அஞ்சு வரிக்கும்தான் எண்ணத் தெரியுமா?"

கல்பாக்கத்துக்குக் கொஞ்சம் தெற்கே, கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் அந்தத் தெரு. அக்காவுக்கு நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும். அணுமின் நிலைய ஊழியர்களின் நகரியத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் துப்புரவு வேலை. விடிந்ததும் சைக்கிளில் போய் மூன்று மணிக்குத் திரும்புவார். அவர் பெயர் என் படிவங்களில் இருந்தது. அதை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்ல மாட்டேன். தெருவில் அவருக்கு ரிசல்ட் அக்கா என்று பெயர். அது போதும்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. தன்னிடமிருந்து யார் எதை வாங்கிக்கொண்டு போனாலும், போனவர் திரும்பி வந்து என்ன ஆச்சு என்று சொல்லியாக வேண்டும். இது அக்காவின் சட்டம். முதல் முறை நான் வாங்கிப் போனது மண். இரண்டாவது முறை வாங்கிப் போனதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். மூன்றாவது முறை அவர் என்னை நம்பிக் கொடுத்தது தன் மகளை. இதை எழுத உட்கார்ந்ததே அந்த மூன்றாவதற்காகத்தான்.

மண் கேட்டுப் போன அன்று என் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. இடுப்பில் கதிர்வீச்சை அளக்கிற பெட்டி வேறு. "அக்கா, பின்பக்கம் கொஞ்சம் மண்ணு எடுத்துக்கலாமா?" என்றேன்.

"எதுக்கு?"

"இந்தக் கடற்கரை மண்ணுல இயற்கையாவே கொஞ்சம் கதிர் இருக்கும்க்கா. எவ்வளவு இருக்குன்னு அளக்குறோம்."

"அளந்து?"

"ஆராய்ச்சிக்குக்கா."

"அத்தத்தான் கேக்குறேன். அளந்து எனக்கு இன்னா சொல்லுவ?"

எம்.எஸ்சி.யில் இதற்கு விடை இல்லை. "சொல்றேன்க்கா" என்றேன். அவ்வளவு சுலபமாக ஒரு பொய்யை நான் அதற்கு முன்பு சொன்னதில்லை. அக்கா என் கையிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பிடுங்கிக்கொண்டு போய், கிளிஞ்சல், குச்சி எல்லாம் பொறுக்கிப் போட்டு, முறத்தில் புடைத்துச் சுத்தமாகக் கொண்டுவந்து கொடுத்தார். புடைத்த மண் ஆய்வுக்கு ஆகாது. நான் அதைக் கொட்டிவிட்டுக் குழியிலிருந்து வேறு மண் எடுத்தேன். "நல்லத கொட்டிட்டுக் குப்பைய அள்றான் பாரு" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். போகும்போது, "ரிசல்ட்டு சொல்லணும், தெரியுதா?" என்று வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினார். நான் திரும்பிப் போகவில்லை. திட்டம் முடிந்துவிட்டது.

அவரைப் பற்றித் தெருவில் சொன்ன கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது பெண் பார்த்த கதை. அவருடைய நாத்தனாரைப் பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து ஒரு கூட்டம் வேன் வைத்துக்கொண்டு வந்ததாம். பஜ்ஜியும் கேசரியும் தின்றுவிட்டு, "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். வீட்டில் எல்லாரும் கௌரவமாகக் காத்திருந்தார்கள். பதினைந்தாம் நாள் அக்கா பஸ் ஏறிவிட்டார். மாப்பிள்ளை வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பாத்துட்டுப் போனீங்களே, இன்னா வந்துச்சு?" என்று கேட்டாராம். அவர்கள் நெளிந்து, வளைந்து, கடைசியில் "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்றார்களாம். "அவ்ளோதான? இத போன்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா? எங்க பொண்ணு பதினஞ்சு நாளா ஒழுங்கா சோறு துன்னல" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். நாத்தனார் அன்றைக்கு ராத்திரி வயிறாரச் சாப்பிட்டாராம். "வேணாம்னு சொல்றதும் ரிசல்ட்டுதாம்ப்பா. வாயத் தொறக்காம இருக்குறதுதான் பேஜாரு" என்பார் அக்கா.

புயலைக்கூட அவர் விட்டதில்லை. புயல் வருகிறது, யாரும் வெளியே வராதீர்கள் என்று ஒரு தடவை ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு ஆட்டோ போனது. எல்லாரும் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தார்கள். ஒரு தூறல்கூட இல்லை. அக்கா வானிலை அலுவலகத்துக்குப் போன் போட்டு, "வரும்னு சொன்னீங்களே, வரலியே, எங்க போச்சு?" என்று விசாரித்திருக்கிறார். பாவம், அவர்களும் பதில் சொல்லியிருக்கிறார்கள். "ஆந்திரா பக்கம் போய்டுச்சாம்டி" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாராம், ஏதோ சொந்தக்காரர் ஊர் மாறிப் போன மாதிரி.

இப்படிப்பட்டவரிடம் நான் இரண்டாவது முறை போனேன். மீன் சாப்பிடுகிற கடலோரத்து மக்களின் குடலில் என்னென்ன நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்பது அந்த ஆராய்ச்சி. கையில் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிக் கரண்டி.

"இதுல இன்னா போடணும்?"

"காலைல போவீங்கல்லக்கா… அதுல கொஞ்சம்…"

அக்கா என் முகத்தைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்துக் கத்தினாரே ஒரு கத்தல்: "அடியே, இங்க வாங்கடி! போன வர்சம் மண்ணு கேட்டுச்சே ஒரு புள்ள, இப்ப இன்னா கேக்குது பாருங்கடி!"

தெருவே கூடிவிட்டது. கல்லூரியில் தங்கப் பதக்கத்தைக் கோட்டைவிட்டபோதுகூட எனக்கு அவ்வளவு அவமானமாக இல்லை. ஆனால் மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பும் முன் போனால், அவர் வீட்டு மதில் மேல் ஏழு டப்பாக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் பெயர். எனக்குத் தேவை இரண்டுதான். "பத்தலன்னா கேளு, இன்னும் சொல்லி வெச்சிகீறேன்" என்றார். "மண்ணு ரிசல்ட்டே இன்னும் வரல. இத்தயாவது சொல்லு. ஏழு பேருக்கு நான் ஜவாப்தாரி." சொல்றேன்க்கா என்றேன். அந்தத் திட்டமும் முடிந்தது.

மூன்றாவது முறை போனபோது கம்பிக் கதவைத் திறக்கவே இல்லை. உள்ளே நின்றுகொண்டு என் புது அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். "மன… நலம். மண்ணு, பீயி, இப்ப மனசா? நல்லாத்தான் மேல ஏறிகினு வர்ற!"

ஒரு வீட்டுக்கு ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ, கேள்விகள் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்றேன். சிரிப்பு அப்படியே நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்கு ஒரே மகள், பத்தொன்பது வயது. செங்கல்பட்டில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தவள். நான்கு மாதமாகப் போவதில்லை. உள் அறையை விட்டு வருவதில்லை, பேசுவதில்லை, தூங்குவதும் இல்லை. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலையில் வேலை செய்கிற கணவர், எல்லாம் திமிர் என்கிறார். சொந்தக்காரர்கள் காத்து கருப்பு என்று கயிறு கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கயிறு கட்டியவர்களிடமும் ரிசல்ட் கேட்டுவிட்டார், பதில் இல்லை.

"இது இன்னான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்கப்பா. உன் கேள்வியில தெரியுமா?"

"ஓரளவுக்குத் தெரியும்க்கா."

"அப்ப மொதல்ல மண்ணு. அப்பால டப்பா. ரெண்டுக்கும் ரிசல்ட்டு கொண்டா. அப்பாலதான் மனசு."

"அக்கா, அது பழைய…"

"மண்ணு போனா போவுது. டப்பாவும் போவுது கழுத. இது என் பொண்ணுப்பா. நீ திரும்பி வர்ற ஆளா இல்லியான்னு தெரியாம எப்டிக் குடுப்பேன்?"

எனக்குச் சுருக்கென்றது. அதைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினக்கூலிக்கு அலைகிறவனைப் பிடித்துக்கொண்டு கணக்குக் கேட்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். ஆனாலும் போனேன். மண் திட்டத்து சீனியருக்குப் போன் போட்டு, அவருடைய ஆய்வேட்டின் அட்டவணையிலிருந்து அந்த வீட்டு வரிசையைக் கண்டுபிடித்தோம். டப்பாக் கதைக்குக் குளிர்பெட்டி பார்த்துக்கொண்ட பெண்ணைப் பிடித்து விசாரித்தேன். நான்காம் நாள் திரும்பிப் போய்க் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று ஒப்பித்தேன்.

"மண்ணு, இந்தக் கடற்கரையில எப்பவும் இருக்குற அளவுதான்க்கா. பயப்பட ஒண்ணுமே இல்ல."

"அவ்ளோதானா? இதச் சொல்ல மூணு வர்சமா?" நான் எழுதிக்கொண்டு போயிருந்த தாளைக் கம்பி வழியாக வாங்கிக் காலண்டர் ஆணியில் குத்தினார். "டப்பா?"

"ரெண்டு நாள் கரண்ட் போயிடுச்சாம்க்கா. குளிர்பெட்டி ஓடல. அதெல்லாம்… கெட்டுப் போயிடுச்சு."

அக்கா கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் வந்தார். "அது போவும்போதே கெட்டுதான்டா போச்சு!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கீழே உட்கார்ந்து சிரித்தார். பிறகு எழுந்து போய் மற்ற ஆறு பேருக்கும் முறைப்படி தெரிவித்துவிட்டு வந்து, கதவைத் திறந்தார்.

மகள் வெளியே வரவில்லை. உள் அறைக் கதவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அக்கா வாசலுக்குப் போய்விட வேண்டும் என்பது விதி, போனார். எங்களிடம் ஓர் அட்டை உண்டு. இல்லவே இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், அநேகமாகத் தினமும் என்று நான்கு கட்டம். பேச விருப்பமில்லாதவர்கள் விரலால் காட்டலாம். நான் அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் வெளியே வந்து, தொட்டுவிட்டு உள்ளே போனது. நான் பார்த்தது அந்த விரலை மட்டும்தான். கடைசிக் கேள்வி, இருப்பதைவிடச் செத்துப்போகலாம் என்று தோன்றியதா என்பது. விரல் ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது நான்காவது கட்டத்தின் மேல் நின்றது, நகரவில்லை.

வாசலில் அக்கா நின்றிருந்தார். "இன்னா வந்துச்சு?"

களத்தில் யாருக்கும் மதிப்பெண் சொல்லக் கூடாது, அது மற்றவர்களின் பதிலைப் பாதிக்கும். பயிற்சியில் பத்துத் தடவை சொல்லியிருந்தார்கள். வாய் தானாகவே சொல்லிவிட்டது: "கூட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்க்கா."

பேருந்து நிறுத்தத்துக்குப் போய் மேற்பார்வையாளர் மேடத்துக்குப் போன் செய்தேன், கடைசிக் கேள்விக்கு இப்படிப் பதில் வந்தால் அன்றே சொல்லியாக வேண்டும். "பட்டியல்ல சேர்த்துடறேன், வெள்ளிக்கிழமை டாக்டர் வருவாங்க" என்றார். என் கடமை முடிந்தது என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை செங்கல்பட்டு அலுவலகத்து மாடிப்படியில் யாரோ ஒரு பெண் துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு ஏறினேன். மேலே மேடத்தின் மேசைக்கு எதிரில் ரிசல்ட் அக்கா. என் அட்டையில் படித்த முகவரியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"ரிசல்ட் குடுக்குற வழக்கமே இல்லம்மா" என்று மேடம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாரையும் நம்பராத்தான் வச்சிருக்கோம். எந்த நம்பர் யாருன்னு எனக்கே தெரியாது. உங்க நல்லதுக்குத்தான் அப்படி."

"உனக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியுமே."

"வெள்ளிக்கிழமை டாக்டர் வருவாங்கம்மா."

"இன்னிக்கு இன்னா கெழம?"

"செவ்வாய்."

"நடுவுல ரெண்டு நாளு கீதே. அந்த ரெண்டு நாளு நான் இன்னா பண்ணட்டும்? அத்தச் சொல்லு."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. வாயத் தொறந்து சொல்லு நைனா."

சொன்னேன். "அக்கா, உங்க பொண்ணு திமிர்ல பேசாம இல்ல. அவளுக்கு மனசு ரொம்ப சரியில்ல. செத்துப்போயிடலாம்னு அநேகமா தினமும் நெனச்சுட்டு இருக்கா. அவளைத் தனியா விடவே கூடாது. இப்ப யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

"படியில உக்கார வெச்சிகீறேன்" என்றார் அக்கா. "வூட்ல வுட்டுட்டு வர பயமா இருந்துச்சு. நேத்து நீ தலையக் குனிஞ்சிகினு போன போக்கப் பாத்தே எனக்குப் பாதி தெரிஞ்சிபோச்சு. ராத்திரி பூரா அவ கையப் புடிச்சிகினே கெடந்தேன்."

அப்போதுதான் அழுதார். சத்தமே இல்லாமல், முகத்தைத் துடைக்காமல். நான்கு மாதமாக வெளியே வராத பெண்ணை எப்படித்தான் இரண்டு பஸ் மாற்றிக் கூட்டிவந்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. மேடம் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். நாங்கள் நால்வருமாக அரசு மருத்துவமனைக்கு நடந்தோம். மேடத்துக்கு நல்ல மனசு, வழியெல்லாம் டாக்டரிடம் போனில் பேசிக்கொண்டே வந்து அன்றைக்கே பார்க்க வைத்துவிட்டார்.

டாக்டரம்மா அவளைத் தனியாக உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார். பிறகு அக்காவை உள்ளே அழைத்தார். இது நோய், மருந்து இருக்கிறது, பேசிப் பேசியும் சரிசெய்யலாம், ஆனால் நாளாகும் என்றார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத்த எழுதிக் குடு தாயி. வாயால சொன்னா அவங்கப்பன் நம்ப மாட்டான்" என்றார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினார்: இது நோய். திமிர் அல்ல. கீழே கையெழுத்தும் முத்திரையும்.

தாள் வேலை செய்தது. அதற்குப் பிறகு மாதாமாதம் மருத்துவமனைக்கு அவளைப் பைக்கில் கூட்டிப்போனது அந்த அப்பாதான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

ஆறு மாதம் கழித்து இரண்டாம் சுற்று. அதே கேள்விகள், அதே அட்டை. கதவைத் திறந்தது மகள். திரையைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, "அட்டையெல்லாம் வேணாண்ணா, வாயாலயே சொல்றேன்" என்றாள். விதிப்படி அக்கா வெளியே போயிருக்க வேண்டும். "அம்மா இருக்கட்டும்" என்று மகளே சொல்லிவிட்டாள். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றும் காதில் விழாதவர் மாதிரி அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். தூக்கம், பசி, படிப்பு எல்லாம் பரவாயில்லை. கடைசிக் கேள்வி வந்தது. இல்லவே இல்லை என்று சொல்லிவிடு தாயே என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே கேட்டேன்.

"சில நாள்" என்றாள். "டாக்டர்கிட்டயும் சொல்லிகீறேன்."

மீன் ஆய்கிற சத்தம் நின்றது. அக்கா செதில் ஒட்டிய கையோடு அப்படியே வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அந்த மாரி நாளு வந்தா எனக்குப் போன் போடு. வேலைல இருந்தா இன்னா, தொடப்பத்த அங்கியே போட்டுட்டு வந்துடுவேன்."

"நேத்துகூட வந்துச்சும்மா."

"நேத்தா? ஏண்டி கூப்புடல?"

"சாயங்காலம்தான. நீ வூட்லதான இருந்த. அடுப்பாண்ட வந்து உன் பக்கத்துல உக்காந்தேனே, அதான்."

அக்கா செதில் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, அதுக்கா வந்து உக்காந்த? நீ சும்மாதான கீறன்னு பூண்டு உரிக்கச் சொன்னேனேடி!"

"உரிச்சேன்ல" என்றாள் மகள்.